சத்தியத்துக்கு அடுத்த பக்கம்

ஹாம்பர்க்,
ஞாயிறு காலை

அன்புள்ள நைனாவுக்கு,

நான் சௌக்கியம். மீன் சந்தைக்குப் போய்வந்த கையோடு எழுதுகிறேன். எல்பே ஆற்றங்கரையில் 1703-லிருந்து ஞாயிறுதோறும் கூடுகிற சந்தை. விலாங்கு விற்கிறவர் போடும் கூச்சலைக் கண்ணை மூடிக் கேட்டால் காசிமேடு ஏலமேதான். மூக்கை மூட வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தீசிஸ் முடிந்தது. ஆனால் நன்றியுரை ஒரு பக்கம் எழுத மூன்று வாரமாகத் திணறுகிறேன்.

முதல் சிக்கல் நீதான். இந்த ஊரில் கைடுக்கு 'டாக்டர்ஃபாட்டர்' என்று பேர். டாக்டர் பட்டத்துக்கு அப்பா என்று அர்த்தம். முதல் நன்றி அவருக்குப் போக வேண்டும். பெற்ற அப்பா கடைசிப் பாராவில், 'குடும்பத்தினர்' என்ற கும்பலுக்குள், காபி மெஷினுக்கு ஒரு வரி மேலே.

அடுத்தது அம்மா. வடிவுடையம்மன் பெயர் இல்லாமல் புத்தகம் வரக்கூடாதாம். சொன்னதும் கைடு புருவத்தைத் தூக்கினார். "எங்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1914-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போன ஒருவர், தன் கணக்கெல்லாம் நாமகிரித் தாயார் கொடுத்தது என்பார். பெயர் ராமானுஜன்" என்றேன். புருவம் இறங்கிவிட்டது. அம்மனுக்கு ஒரு வரி சாங்ஷன்.

மூன்றாவதுதான் பெரிய வம்பு. நன்றியுரைக்கு அடுத்த பக்கத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்: 'இதை நானே எழுதினேன், குறிப்பிட்ட நூல்கள், சாதனங்கள் தவிர வேறெந்த உதவியும் பெறவில்லை.' திறந்த பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, அதில் எவ்வளவு இன்னும் சேற்றுக்குள் கிடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எந்த இடத்தில் சேறு எடுப்பது என்று எனக்கா தெரிந்தது? நீ போட்டில் நின்றபடி கழியைக் குத்தி இழுத்து, நுனியை மோந்து பார்த்து, "இங்க எடு, இங்க இன்னும் கீது" என்றாய். அள்ளிவந்த சேற்றை இங்கே மாசக்கணக்கில் மெஷினில் போட்டுப் பார்த்தேன். நீ காட்டிய ஓர் இடம்கூடத் தப்பவில்லை.

உன் மூக்கை நூல் பட்டியலில் சேர்க்க முடியாது. சாதனங்கள் பட்டியலில் சேர்த்தால் கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் கேட்பார்கள்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உன்னை நன்றியுரையிலிருந்தே தூக்கியாயிற்று. கோபப்படாதே. ஆராய்ச்சி முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தில், 'சேறு எடுத்த இடங்களைத் தேர்ந்தவர்' என்று உன் பெயர் முழுசாக வருகிறது. இனி நிம்மதியாகச் சத்தியம் செய்யலாம்.

ஒரே ஒரு வேலை. உன் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, போட்டு லைசென்ஸில் வேறொரு மாதிரி இருக்கிறது. எது சரி? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் தங்கச்சியை விட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்.

உன் மகன்