விழத் தெரிஞ்ச பட்டமா வாங்குலே

ஏலே பேராண்டி, வானத்துல குட்டிக்கரணம் அடிக்கிற ரெண்டு கயித்துப் பட்டம் வாங்கப் போறியாமே? நல்ல காரியம். ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா ஒனக்கு இடுப்பு வலிக்கும். இதுக்காவது கை ரெண்டும் அசையட்டும். கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ராவெல்லாம் போனை நோண்டுதது நீ மட்டுந்தான்னு நெனச்சியா?

மொதல்ல ஒரு நல்ல யோசனை சொல்லுதேன். கடையில இருக்கதுலயே வெலை கூடுனதா, கறுகறுன்னு கார்பன் குச்சி போட்டதா ஒண்ணு வாங்கு. மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கொண்டு போ. நாலு பேரு கூடுத நேரமாப் பாத்து ஏத்து. தலைகுப்புற வந்து மணல்ல குத்தும், 'டப்'புனு ஒரு சத்தம் கேக்கும், சோலி முடிஞ்சுது. சல்லிப் பட்டம் ஒடைஞ்சு அழுதா கேவலம். ஒசத்திப் பட்டம் ஒடைஞ்சு அழுதா அதுல ஒரு கௌரவம் இருக்குல்லா?

அந்தக் கௌரவம் வேண்டாம்னா மட்டும் மேக்கொண்டு கேளு.

இந்தப் பட்டத்துக்குப் பூர்வீகம் உண்டுலே. ரெண்டாம் உலகப் போர் காலத்துல பால் கார்பர்னு ஒரு அமெரிக்கன், கப்பல்ல இருக்க பீரங்கிக்காரங்க குறி பழகதுக்குன்னு, கீழேருந்து ரெண்டு கயித்தால திருப்புத பட்டம் செஞ்சான். சுடுதவனுக்குச் சிக்காம ஓடணும், அதுதான் அதுக்கு வேலை. பெறவு 1972-ல பீட்டர் பவல்னு ஒரு இங்கிலாந்துக்காரன் ரெண்டு கயித்துல ஆடுத பட்டம் ஒண்ணு செய்ய, அது ஊரெல்லாம் பரவிச்சு. ஆக, தப்பிச்சு ஓடுதது அதுக்குப் பரம்பரைக் கொணம். வேலைன்னா நீ ஓடுதது எந்தப் பரம்பரைன்னுதான் தெரியல. உங்க ஆச்சி பக்கமா இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். றெக்கை இந்த நுனியிலேருந்து அந்த நுனி வரைக்கும் 1.8 மீட்டர்லேருந்து 2.2 மீட்டருக்குள்ள இருக்கட்டும். சின்னது வெலை கம்மின்னு கை அரிக்கும். அடக்கிக்கோ. சின்னப் பட்டத்துக்கு அவசரம் ஜாஸ்தி. எடது கையா வலது கையான்னு நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள அது மண்ணைத் தொட்டுரும். பெருசு நிதானமாத் திரும்பும்.

குச்சியில ரெண்டு சாதி. கார்பன் குச்சி எடை கம்மி, வெறைப்பு கூட. லேசான காத்துலயும் ஏறும், தப்பா விழுந்தா முறியும். ஃபைபர் கிளாஸ் குச்சி கனம்; சின்னக் காத்துக்கு எந்திரிக்காது, ஆனா விழுந்தா வளைஞ்சு குடுக்கும். நம்ம பக்கம் காத்துக்கு என்ன பஞ்சம்? ஆரல்வாய்மொழியில காத்தாலைய வரிசையா நட்டு வச்சிருக்கானே, சும்மாவா? கத்துக்குட்டிக்கு ஃபைபர் கிளாஸ் தாராளம். துணி ரிப்ஸ்டாப்பா இருக்கணும். கட்டம் கட்டமாத் தடிச்ச இழை ஓடியிருக்கும்; கிழிசல் அதைத் தாண்டி லேசுல ஓடாது. மூக்குல பட்டை நாடா மடிச்சுத் தச்சிருக்கான்னு பாரு, மொத அடி அங்கதான்.

யாராவது பறத்தி அலுத்துப்போன பட்டம் மலிவாக் கெடைச்சா அதையும் விட்டுராத. ஆனா குச்சிய வெறுங்கையால தடவிராத, சிராய் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியிலேருந்து நுனி வரைக்கும் உருவு. பஞ்சு இழை எங்க மாட்டுதோ, அங்க வெடிப்பு இருக்குன்னு அர்த்தம்.

ஏமாத்து நடக்கதெல்லாம் கயித்துலதான். பட்டத்தைப் பகட்டாக் காட்டிட்டு, கூட சாதா நைலான் கயித்தச் சுத்திக் குடுத்துருவான். அது இழுத்தா நீளும். நீ இழுத்தது பட்டத்துக்குப் போய்ச் சேரவே நேரமாகும். டைனீமா கயிறு கேளு. நீளாது, வழுவழுன்னு இருக்கும். பட்டம் நாலு சுத்து சுத்தி ரெண்டு கயிறும் பின்னிக்கிட்டாலும் வழுக்கிக்கிட்டு வேலை செய்யும். 25 மீட்டர் போதும். ரெண்டு கயித்து நுனியையும் ஒரே ஆணியில மாட்டி, மறுநுனி வரைக்கும் நடந்து போயி சேத்து இழுத்துப் பாரு. ஒண்ணு தொய்ஞ்சா முடிச்சுப் போட்டுச் சரி பண்ணு. இதப் பண்ணாம பட்டம் ஒரு பக்கமாச் சாயுதுன்னு கம்பெனிக்காரன வையாத.

மாஞ்சா மட்டும் தடவிராத. சட்டத்துக்கும் விரோதம், பைக்குல போறவன் கழுத்துக்கும் விரோதம். வெறும் டைனீமாவே வெறைச்சு நின்னா தோலை அறுக்கும். ஆளு நடமாடுத எடத்துலயும் கரண்டு கம்பி பக்கத்துலயும் நிக்காத. 1934-ஆம் வருச ஆகாய விமானச் சட்டத்துல பட்டத்தையும் விமானக் கணக்குலதான் சேத்திருந்தான், தெரியுமா? நீயும் ஒரு பைலட்டுன்னு ஊருக்குள்ள சொல்லிக்கோ. பொண்ணு பாக்க ஒதவும்.

ஆடிக் காத்து மேக்கேருந்து குதிச்சுக் குதிச்சு வரும், பழகதுக்கு ஆவாது. மத்தியானத்துக்கு மேல கடல்லேருந்து சீரா வீசுத காத்துதான் தோது. இலையும் சிறுகொப்பும் ஓயாம ஆடி, சின்னக் கொடி விரிஞ்சு நின்னா மணிக்கு 12-லேருந்து 19 கிலோமீட்டர். அதுதான் ஒன் நேரம். வண்டி மாட்டு மூக்கணாங்கயிறு கணக்கா, வலது இழுத்தா வலது, எடது இழுத்தா எடது. கைய ஆகாசத்துக்குத் தூக்காம இடுப்புப் பக்கமா இழு.

ஆக்ஸல், ஃபேடு, லேசி சூசன்னு வித்தைக்கெல்லாம் பேரு பலது. சூட்சுமம் ஒண்ணுதான்: சுண்டி இழுத்த கையோட தொய்ய விடணும். கயிறு தொய்ஞ்சாத்தான் அது கரணம் போடும். இழுத்துப் புடிக்க எவனுக்கும் தெரியும். விட்டுக் குடுக்கதுதான் வித்தை. கல்யாணம் ஆனா ஒனக்கே வெளங்கும்.

வெளிநாட்டுப் பட்டம் வாங்குதேன்னு குதிக்காத. வந்து சேரதுக்குள்ள வண்டிச்சத்தமும் வரியும் பட்டத்து வெலைய முழுங்கிரும். வெலை கம்மின்னா பில்லுல கம்மின்னு மட்டும் இல்லலே, ஒடைஞ்ச பெறவும் கம்மியா இருக்கணும். காச எடுக்கதுக்கு முன்னால கடைக்கார அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: "ஓரக்குச்சி ஒடைஞ்சா, குச்சி மட்டும் தனியாத் தருவியளா?" தருவேன்னா வாங்கு. "முழுப் பட்டமா எடுத்துக்கிடுங்க தம்பி"ன்னா, கும்பிட்டுட்டு எறங்கி வந்துரு.