தஹ்ரீரைத் துடைத்து வைத்தவர்களுக்கு

கெய்ரோவின் நடுவிலிருக்கும் தஹ்ரீர் சதுக்கம் இன்றிருக்கும் அழகில் முன்பு ஒருபோதும் இருந்ததில்லை. அந்த அழகைத் தந்தவர்கள் நீங்கள். 2013-க்குப் பிறகு எகிப்தை ஆள்பவர்கள். செய்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கூரைகளை அடைத்து நின்ற விளம்பரப் பலகைகளை இறக்கினீர்கள். சுற்றியுள்ள கட்டடங்களின் முகப்புகளை ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து, இரவில் ஒளிரும்படி விளக்கு பதித்தீர்கள். பேரீச்சை நட்டீர்கள். நைல் கழிமுகத்தின் சான் அல்-ஹகரில் துண்டுகளாகக் கிடந்த இரண்டாம் ராம்செஸின் ஒபிலிஸ்க் தூணை எடுத்துவந்து, பொருத்தி, நடுவில் நிமிர்த்தினீர்கள். அதைக் காக்க லக்சரின் கர்னாக் கோயிலிலிருந்து ஆட்டுத்தலை ஸ்பிங்ஸ் சிலைகள் நான்கைக் கொண்டுவந்தீர்கள். மணற்கல்லுக்குக் கெய்ரோவின் வாகனப்புகை ஆகாது என்று தொல்லியலாளர்கள் மன்றாடினார்கள். எடுத்த காரியத்தை நீங்கள் கைவிடவில்லை.

அந்த உறுதிக்கு முன்னால் பழைய தஹ்ரீரை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 2011 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 11 வரையிலான மக்கள் எழுச்சியின் பதினெட்டு நாட்களில் அந்த இடம் அலங்கோலமாக இருந்தது. புல்வெளி தெரியாமல் பிளாஸ்டிக் விரிப்புக் கூடாரங்கள். விளக்குக் கம்பத்தின் அடியைத் திறந்து கம்பி இழுத்து, வரிசையாகக் கைப்பேசிகளுக்கு மின்னேற்றினார்கள். பிப்ரவரி 2 அன்று அடியாட்கள் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் ஏறி உள்ளே பாய்ந்தபோது நடைபாதைக் கற்களைப் பெயர்த்துத் தற்காத்துக்கொண்டார்கள். பக்கத்துச் சிறு பள்ளிவாசல் மருத்துவமனையானது. மண்டை உடைந்தவர்களுக்கு அங்கேதான் தையல் போட்டார்கள். முஸ்லிம்கள் தொழும்போது காப்டிக் கிறித்தவர்கள் கைகோத்துச் சுற்றி நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கிறித்தவர்கள் வழிபட்டபோது காவல் முறை மாறியது. ரொட்டி பகிர்ந்தவர்கள், சுவரில் செய்தி ஒட்டியவர்கள், மேடையில் பாடியவர்கள், அப்பன் தோளில் உட்கார்ந்து கொடியசைத்த குழந்தைகள்.

முப்பது ஆண்டு ஆண்ட முபாரக் பதவி விலகிய மறுநாள், அதே மக்கள் துடைப்பத்தோடு வந்து சதுக்கத்தைப் பெருக்கினார்கள். நடைபாதை ஓரக்கற்களுக்குச் சாயம் பூசினார்கள். ஒப்பந்தப்புள்ளி கோராமல், கூலி கேட்காமல் செய்த வேலை. உங்கள் வேலையிலிருக்கும் நேர்த்தி அதில் இல்லை. கோடு கோணலாகத்தான் விழுந்திருக்கும்.

அதே சதுக்கத்தில், பிந்தைய கூட்டங்களில், பெண்களைக் கும்பலாகச் சூழ்ந்து தாக்கிய கொடுமைகளும் நடந்தன. அதை மறைத்துவிட்டு தஹ்ரீரைப் பேசுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். அப்போது அரணாக உள்ளே புகுந்து அவர்களை மீட்டவை தொண்டர் குழுக்கள். கூட்டத்தில் நேர்ந்த அந்த ஆபத்தை நீங்கள் முற்றாக நீக்கிவிட்டீர்கள். இப்போது கூட்டம் சேர்வதில்லை.

சதுக்கத்துக்குக் கூட்டம் கூடும் பழக்கம் 2011-இல் வந்ததும் அல்ல. கெதிவ் இஸ்மாயிலின் பெயரால் இஸ்மாயிலியா என்றிருந்த அது 1952 புரட்சிக்குப் பிறகு தஹ்ரீர், அதாவது விடுதலைச் சதுக்கம் ஆனது. இஸ்மாயிலின் சிலைக்காகக் கட்டிய பீடத்தில் அந்தச் சிலை ஏறவேயில்லை. 1972-இல் மாணவர்கள் அந்த வெற்றுப் பீடத்தைச் சுற்றித்தான் அமர்ந்தார்கள். 1977-இல் ரொட்டி விலை உயர்ந்தபோதும், 2003-இல் ஈராக் மீது குண்டு விழுந்தபோதும் மக்கள் வந்து சேர்ந்த இடம் அது. நடுவில் சிலை எதுவும் இல்லாத காலத்தில் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். நீங்கள் நடுவில் ஒரு தூணை வைத்திருக்கிறீர்கள்.

சட்டத்திலும் உங்கள் கவனம் நுட்பமானது. 2013-ஆம் ஆண்டின் 107-ஆம் சட்டப்படி, பத்துப் பேருக்கு மேல் பொதுக்கூட்டம் கூடுவதென்றால் மூன்று வேலை நாள் முன்பே காவல்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டம் கூடிய பிறகு கலைக்கும் சிரமம் காவலருக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சதுக்கத்தின் அடியிலிருக்கும் சதாத் மெட்ரோ நிலையத்தை மூடினீர்கள். 2015 ஜூன் வரை திறக்கவில்லை. இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையம் அது. வேலைக்குப் போகிறவர்கள் தடம் மாற, தியாகிகளின் பெயர் தாங்கிய ஷொஹதா நிலையத்தில் நெருக்கியடித்தார்கள். மேலே எதிர்ப்பு எழாமல் இருக்க, நிலத்துக்கு அடியிலும் வழியை அடைத்துவிடும் முன்யோசனை எல்லா அரசுக்கும் வாய்ப்பதில்லை.

இறந்தவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 3 அன்று சதுக்கத்தின் ஓரத்திலிருக்கும் எகிப்திய அருங்காட்சியகத்திலிருந்து பதினெட்டு மன்னர்கள், நான்கு அரசிகள் என இருபத்திரண்டு மம்மிகளைப் புதிய அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றீர்கள். நைட்ரஜன் நிரப்பிய பேழைகள், அதிர்வு தாங்கும் வண்டிகள், அதற்காகவே செப்பனிட்ட சாலை, இருபத்தொரு குண்டு முழக்கம், வாயிலில் நின்று வரவேற்ற குடியரசுத் தலைவர். மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த உடலில் ஒரு கீறல் விழவில்லை. தஹ்ரீரிலிருந்து ஒருவரை இத்தனை பத்திரமாக அழைத்துச் செல்ல உங்களால் முடியும் என்பதை உலகம் நேரலையில் பார்த்தது.

ஷைமா அல்-சபாக் அந்தச் சதுக்கத்தைத் தேடிப் போனது 2015 ஜனவரி 24 அன்று. கவிஞர், ஐந்து வயது மகனின் தாய். 2011-இல் இறந்தவர்களுக்கு மலர் வைக்க, கட்சித் தோழர்கள் சிலரோடு பூவும் பதாகையுமாக நடந்தார். தஹ்ரீருக்குச் சற்று முன்னால், தலாத் ஹர்ப் சதுக்கத்தில், போலீஸ் சுட்ட ரவைக் குண்டுகள் அவர் மேல் பாய்ந்தன. தோழர் ஒருவர் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் படத்தை உலகமே பார்த்தது. அவர் மிகவும் மெலிந்திருந்ததால்தான் ரவை உயிரைப் பறித்தது என்று தடய மருத்துவத் துறையின் பேச்சாளர் பிறகு விளக்கினார். நடந்ததை நேரில் கண்டு சாட்சி சொல்ல அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் போனவர்கள் மீதே போராட்டச் சட்டத்தில் வழக்குப் பதிந்தீர்கள். சுட்ட அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது, சாட்சிகள் விடுதலையானார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் மலர் கொண்டுபோனவர் போய்ச் சேரவில்லை.

அவர் மலர் வைக்க நினைத்தவர்களை நீங்களும் மறக்கவில்லை. 2013 நவம்பரில் அவர்களுக்காகச் சதுக்கத்தில் ஒரு நினைவுக் கல்லை நாட்டினீர்கள். சில மணி நேரத்தில் மக்கள் அதைச் சிதைத்தார்கள். சுட்டவர்களே கல் நாட்டுவதைப் பெற்றவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீங்கள் பொறுமை காத்து, பிறகு அங்கே உயரமான கொடிக்கம்பம் நட்டீர்கள். பெயர்கள் இல்லாத கம்பத்தில் எவரும் குறை காண முடியாது. பக்கத்து முகமது மஹ்மூத் தெருவில் இறந்தவர்களின் முகங்களை இளைஞர்கள் சுவர் முழுக்க வரைந்திருந்தார்கள். 2012-இல், உங்களுக்கு முந்தைய ஆட்சியிலேயே, அதன் மேல் வண்ணம் அடித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். 2015-இல் அந்தச் சுவரில் ஒரு பகுதியே இடிபட்டது. இப்போது அந்த ஓரமும் சுத்தமாக இருக்கிறது.

தெற்கே வளைந்து நிற்கும் முகம்மா கட்டடத்தை எகிப்தியர் எல்லோருக்கும் தெரியும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வரி என்று தலைமுறை தலைமுறையாக அங்கே கால்கடுக்க நின்றார்கள். அந்த அலுவலகங்களை அங்கிருந்து கிளப்பிவிட்டு, கட்டடத்தை உயர்தர விடுதியாக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். ஏழைகள் சதுக்கத்துக்கு வர மிச்சமிருந்த கடைசிக் காரணமும் அதோடு தீர்ந்தது. அறை எடுப்பவர்களுக்குச் சன்னலைத் திறந்தால் தூணும் ஸ்பிங்ஸும் மறைப்பின்றித் தெரியும். உட்கார்ந்து பேசத் தொடங்குகிறவர்களை எழுப்பிவிடக் காவலர்கள் இருக்கிறார்கள். போரையே பார்க்காத வேல்போல் மெருகு குலையாமல் இருக்கிறது சதுக்கம்.

நீங்கள் எழுதியவற்றில் நான் முழுமனதோடு பாராட்டுவது 2014 அரசமைப்புச் சட்டம். அதன் முகவுரை ஜனவரி 25 புரட்சியைப் போற்றுகிறது. ஆயுதமின்றிக் கூட்டம் கூடவும் ஊர்வலம் போகவும், அறிவித்துவிட்டு, குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது 73-ஆம் பிரிவு. தெளிவான சொற்கள். ஜனவரி 25 உங்கள் நாட்காட்டியில் விடுமுறை நாளாகவும் இருக்கிறது. அந்த ஒரு நாள் தடுப்புகளை எடுத்துவிட்டு, மலர் கொண்டுவருபவர்களை உள்ளே விடுங்கள். அதற்காகக் கர்னாக்கிலிருந்து எதையும் பெயர்த்து வர வேண்டியதில்லை. புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. பிரிவு ஏற்கெனவே அச்சில் இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.