கொழும்புப் பத்திரமும் காக்காப் பெட்டியும்

ஏழாயிரம்பண்ணை ஒரு காலத்தில் தனி நாடு. சாத்தூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் கண்ணசந்தால் நாடே தாண்டிப் போய்விடும் என்பது வேறு விஷயம். மதுரை நாயக்கர்கள் பிரித்துக் கொடுத்த 72 பாளையங்களில் இதுவும் ஒன்று. கோட்டை, படை, கூட இருந்தே குழி பறிக்கும் சொந்தக்காரர்கள் என்று ஒரு நாட்டுக்கு வேண்டிய சகலமும் இருந்தது. சுற்றிலும் நாகலாபுரம், எட்டயபுரம், கோலார்பட்டி, கொஞ்சம் தள்ளிப் பாஞ்சாலங்குறிச்சி என்று அண்டை நாடுகள். கோழி ஒன்று தொலைந்தால் அது எந்தத் தேசத்தில் தஞ்சம் புகுந்திருக்கிறது என்று விசாரிக்கவே ஒரு பகல் போய்விடும்.

இந்த நாடுகளுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அலாதியானது. கரிசல் பூமியில் எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. வானம் கைவிட்ட வருஷம் பாளையத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்? பக்கத்து ஊரிலிருந்துதான். தன் எல்லைக்கு வெளியே கிடந்த ஊர்களுக்கும் ‘தேசகாவல்’ என்று சொல்லிப் பாளையக்காரர்கள் காசு வாங்கினார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். கேட்பதற்கு இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனியே கூச்சப்படும் அளவுக்கு நேர்மையான ஏற்பாடு. காசு கட்டாத ஊரில் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாடு ஏன் காணாமல் போகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. காணாமல் போன மாட்டைக் கண்டு சொல்லத் துப்புக்கூலி தனி. இரண்டு தலைமுறையில் மாடுகளுக்கே பாதை மனப்பாடமாகியிருக்கும்.

வெளியுறவில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது பாஞ்சாலங்குறிச்சி. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்டன் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அந்தக் கோட்டையைப் பிடித்தார். உள்ளே துழாவியபோது துப்பாக்கி, வெடிமருந்து, 40,000 வராகன் பணம் எல்லாம் கிடைத்தன. கூடவே கொழும்பு டச்சு அரசாங்கத்தோடு பாளையம் செய்துகொண்ட உடன்படிக்கையும் கிடைத்தது. நகல் இல்லை ஐயா, அசல்!

டச்சுக்காரர்கள் 1658 முதலே தூத்துக்குடியில் உட்கார்ந்து முத்தும் துணியும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கைக் கரையும் அவர்கள் கையில். 1780இல் ஐரோப்பாவில் இங்கிலீஷ்காரனுக்கும் டச்சுக்காரனுக்கும் சண்டை மூண்டது. எதிரிக்கு எதிரி நண்பன் என்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கணக்குப் போட்டார். இன்று ஏசி ஹாலில் பானர் கட்டி, போண்டா கொடுத்துப் பேசுகிற இந்திய இலங்கை ஒத்துழைப்பை அவர் பேசி முடித்துப் பெட்டியில் பூட்டியும் வைத்துவிட்டார். பூட்டி வைத்ததுதான் வினை. கூட்டாளி கடலுக்கு அந்தப்பக்கம் சுகமாக இருக்க, பத்திரம் மட்டும் எதிரி கையில் மாட்டிக்கொண்டது. 1784இல் டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ராசியாகிவிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியைக் கேட்டுவிட்டா ராசியாவார்கள்?

1790இல் பாஞ்சாலங்குறிச்சிப் பட்டத்துக்கு வந்த வீரபாண்டியக் கட்டபொம்மன் பக்கத்திலேயே கூட்டாளி தேடினார். நாகலாபுரம், கோலார்பட்டி, கடல்குடி, குளத்தூர், நம்ம ஏழாயிரம்பண்ணை எல்லாம் ஒரு பக்கம் நின்றன. எட்டயபுரம் கம்பெனிப் பக்கம் போய் நின்றது. 1799 செப்டம்பர் 5 அன்று கம்பெனியின் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைக் காட்டுக்குள் போக, அந்த ஊர் ராஜா தொண்டைமான் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். தாக்குதலிலிருந்து தூக்கு வரைக்கும் மொத்தம் ஆறு வாரம். தப்பி ஓடியவரை எல்லை தாண்டிப் பிடித்துக் கொடுப்பதில் இந்தச் சுறுசுறுப்பு அதற்கப்புறம் எந்த இரண்டு அரசாங்கத்துக்கும் வாய்க்கவில்லை. நம் பாங்கிகளில் கடன் வாங்கிக்கொண்டு லண்டனில் குடியிருப்பவர்கள் அதற்காகத் தினமும் கும்பிட்டுக்கொள்ளலாம்.

அக்டோபர் 16, கயத்தாறு. மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்கவைத்தே கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கூட்டுச் சேர்ந்த பாளையங்கள் பறிமுதல், ஏழாயிரம்பண்ணை உட்பட. எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு. அண்டை நாட்டோடு ஒத்துழைத்தவர்கள்தான் இரண்டு தரப்பும். எந்த அண்டை என்பதில்தான் நம்ம ஆட்கள் கோட்டைவிட்டார்கள்.

நாடு போய் ஊராகிவிட்ட ஏழாயிரம்பண்ணைக்கும் அதைச் சுற்றிய கரிசலுக்கும் அடுத்த பிழைப்பு வர 120 வருஷத்துக்கு மேல் ஆனது. அதையும் எந்த உடன்படிக்கையும் கொண்டுவரவில்லை. ஒரு வரி கொண்டுவந்தது. அதுவரை நம் அடுப்பைப் பற்றவைத்ததெல்லாம் பெரும்பாலும் ஜப்பான் தீப்பெட்டி. 1922இல் வெள்ளைக்கார சர்க்கார் வெளிநாட்டுத் தீப்பெட்டி மேல் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. கஜானாவில் ஓட்டை விழுந்திருந்தது, அடைக்கவேண்டும், அவ்வளவுதான். கரிசல்காட்டானுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக லண்டனில் எவனும் தூக்கம் கெடவில்லை.

ஆனால் கதவு சாத்தின சத்தம் சிவகாசியில் இரண்டு பேர் காதில் விழுந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதே வருஷம் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் படித்துக்கொண்டு வந்தார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி வந்துவிட்டது. பின்னால் இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தி, லேபிள் படத்தாலேயே அணில் அய்ய நாடார், காக்கா சண்முக நாடார் ஆனார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வந்தது. மழை பெய்யாத ஊரில் மனுஷக் கை இயந்திரத்தைவிட மலிவு என்று தெரிந்ததும் அது ஓரமாய்ப் போய் உட்கார்ந்தது. சட்டத்தில் குச்சி அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைக்கிற அத்தனையும் கை வேலை. வெள்ளாமையைக் கெடுத்த அதே வெயில் மருந்தைச் சீக்கிரம் காயவைத்தது. குச்சிக்கு மரம் மட்டும் மலைக்கு மேற்கே, மழை பெய்கிற தேசத்திலிருந்து வந்தது. விடியுமுன் கிராமம் கிராமமாகப் பஸ் வந்து சின்னப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போன காலமும் இதற்குள்தான் இருக்கிறது. அதை மட்டும் கிண்டலாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

தீப்பெட்டி விஷயத்தில் சுவீடன்காரன் விவரமானவன். மதில் எழும்பியதும் மதிலுக்குள்ளேயே வந்து வீடு கட்டினான். 1923இல் வந்தது விம்கோ என்கிற தீப்பெட்டிக் கம்பெனி. அதன் பின்னால் இருந்தவர் ஈவார் குரூகர், தீப்பெட்டி மன்னர். பணமுடையில் தவிக்கிற அரசாங்கமாகப் பார்த்துக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வார். 1927இல் பிரான்சுக்கு ஏழரைக் கோடி டாலர், 1929இல் ஜெர்மனிக்குப் பன்னிரண்டரைக் கோடி டாலர். நாட்டுக்கு நாடு ஒத்துழைப்பு என்றால் இவரல்லவா ஒத்துழைப்பு! 1932 மார்ச்சில் பாரிஸில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். அப்புறம் பெட்டியைத் திறந்தால் இத்தாலி அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள். அத்தனையும் போலி. பாஞ்சாலங்குறிச்சிப் பெட்டியில் இருந்ததாவது அசல்.

உலகத்துக்கே தீப்பெட்டி விற்றவர் போய்ச் சேர்ந்தார். காக்காவும் அணிலும் நிலைத்து நின்றன. அடுத்த அதிர்ஷ்டத்தை ஹிட்லர் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்றது, வெளிநாட்டுப் பட்டாசு நின்றது, சிவகாசி திரி கிள்ள ஆரம்பித்தது. அந்தத் திரியின் நீளம்தான் வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வரைக்கும் வந்து கிடக்கிறது.

ஆக, எவனாவது கதவைச் சாத்தினால்தான் நம் பக்கம் உலை கொதித்திருக்கிறது. இது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. சீன லைட்டர் வந்து குச்சியைத் தின்கிறது என்று டில்லிக்கு மனு மேல் மனு போனது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே லைட்டர் உதிரிப் பாகமாக உருமாறி வந்து இறங்கியது. 2024 அக்டோபரில் பாகத்துக்கும் தடை. 2025 தீபாவளிக்கு முன்னால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தால், முன்வரிசையில் பசைத் துப்பாக்கி, பின்வரிசை முழுக்கச் சீனப் பட்டாசு.

சீனப் பட்டாசு ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, நம் பட்டாசை ஏற்றமாட்டேன் என்கிற கப்பல்காரனுக்குப் புத்தி சொல்லி வெளியே அனுப்பவேண்டும். இரண்டையும் ஒரே மனுவில், ஒரே பேனாவில் எழுதுகிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.