ரிப்பனுக்குப் பஞ்சமில்லை

டிசம்பர் 1, எய்ட்ஸ் தினம் வந்தால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஏதாவதொரு கம்பெனி கேட்டில் பேனர் ஏறும். சட்டையில் சிவப்பு ரிப்பன், உறுதிமொழி, குரூப் போட்டோ. ஷிப்ட் மணி அடித்ததும் எய்ட்ஸ் ஒழிந்துவிடும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், சமூகப் பொறுப்பு நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நோய்த் தடுப்பும் உண்டு, பொது நூலகமும் உண்டு. ஆனால் புத்தகம் போட்டோவில் எடுப்பாக விழாது, பேனர் விழும்.

நாம் ஒன்றும் படிக்காதவர்கள் இல்லை. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று விழிப்புணர்வு விளம்பரச் சுவர் கேட்டபோது வரிவிடாமல் படித்தோம், டீக்கடையில் சிரித்தோம். ராஜாவின் பிள்ளை என்ன ஆனது என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் மட்டும் ஊரே டாக்டராகிவிடுகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் தொற்றாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் தொற்றாது என்பது பள்ளிப் பாடம். மார்க் வாங்கியதோடு மறந்தாயிற்று. 2003-இல் கேரளத்தில் பள்ளிகள் ஒதுக்கிய இரண்டு குழந்தைகளை மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கட்டியணைத்தார். நாடே வியந்தது. குழந்தையைத் தொட்டதே தலைப்புச் செய்தி என்றால் நம் லட்சணம் என்ன?

2017-இல் குழந்தைகளே எழுதினார்கள். எச்.ஐ.வி. உள்ள சின்னஞ்சிறுசுகளுக்கான லோபினாவிர் சிரப் தீர்ந்துபோனது. பழைய பாக்கி வராத கம்பெனி தயாரிப்பை நிறுத்தியிருந்தது. வாயில் வைக்க முடியாத கசப்பு மருந்து அது. அந்தக் கசப்பைக் கொடுங்கள் என்று நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிரதமருக்குக் கடிதம் போட வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? அன்றைக்கும் ராசிபலன் படித்திருப்போம்.

கதை, கவிதை படிக்க நேரமில்லையா? சட்டத்தையாவது படியுங்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும், பக்குவமுள்ள, 12 வயது நிரம்பிய பிள்ளை தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராகலாம் என்கிறது. பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம், வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை, யூனிபார்மோடு, தங்கச்சியின் அட்மிஷன் படிவத்தில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற கோட்டின் மேல் கையெழுத்துப் போடுகிறது. இதைப் படித்தும் நெஞ்சு இளகாதவருக்கு எந்த இலக்கியமும் உதவாது.

எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004-இல் இந்தியாவில் முதலில் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று, இதோ பக்கத்திலிருக்கும் தாம்பரம் சானடோரியம். மாத்திரைக்குக் காசு வேண்டாம். ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. காரணத்தைச் சொன்னால் வாடகை வீடும் போச்சு. வேலை, படிப்பு, வாடகை வீடு எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு. வீட்டுக்காரர் அட்வான்ஸ் ரசீதைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை.

புதிதாகச் சேர்பவரிடம் பாதுகாப்பு விதிகளை நீட்டி, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்து வாங்குகிறீர்களே, மேனேஜர் ஐயா! இந்த வருஷம் பேனர் காசில் அந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் அச்சடியுங்கள். ஹெச்.ஆர்., ஹெட்மாஸ்டர், வீட்டுக்காரர் எல்லோரிடமும் அதே கையெழுத்தை வாங்குங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு பிள்ளையை விரட்டினால், தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒருவரும் தப்பிக்க முடியாது.