பின் சீட்டுத் தேர்வுக் குழு

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ் ஏறினால், சேரப்பணஞ்சேரியில் இறங்கும்வரை முக்கால் மணி நேரத் தூக்கம் எனக்குப் பாத்தியப்பட்டது. போன செவ்வாய்க்கிழமை அதில் மண் அள்ளிப் போட்டவர்கள் பின் சீட்டில் இருந்த மூன்று பேர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள், சென்னையின் எஃப்சிக்கு அடுத்த கோச் யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஒருவர் அந்த வேலையில் இருக்கிறாரே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. நானும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

முதல் பெயர், வழக்கம்போல் மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர், 2015இல் நமக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அந்த டிசம்பர் வெள்ளத்தில் நம் ஊர் அரையிறுதியையே புனேயில்தான் ஆடினார்கள். அடுத்தவருக்கு ஜான் கிரிகரி. 2018இல் பெங்களூருவுக்கே போய் அவர்களை 3-2 என்று சாய்த்தவர், ஒத்துக்கொள்ளலாம். மூன்றாமவர் ஜாதகக் கட்சி. பந்தோவிச், பிரதாரிச் என்று பெயர் 'இச்'சில் முடிகிறவன் நமக்கு ஆகாது என்றார். லாஸ்லோவுக்கு ஏது 'இச்' என்று மடக்கினார்கள். அந்த மூன்று கோச்சுகளின் சீசனிலும் எட்டாமிடம்தானே, அஷ்டமத்துச் சனிக்குக் கோச் என்ன செய்வான் என்று தப்பித்துவிட்டார்.

நடுவில் யாரோ சபீர் பாஷா என்றார்கள். இந்தியன் வங்கிக்கு ஆடிய நம்மாள். பந்தோவிச்சை அனுப்பியபோது மிச்ச ஆட்டங்களுக்குப் பொறுப்பாக நின்றார். நம்மாள் என்றால் பொறுப்புதான், பெர்மனென்ட் இல்லை. ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் ஓட்டிய எனக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ஒரகடம் நெருங்கும்போது பயந்தது நடந்தது. "பேசாம தோனியே கோச் ஆகிடலாம்டா!"

எங்கள் பக்கம் எந்தப் பேச்சும் போய்ச் சேருகிற டெப்போ அது. கிளப்பின் முதலாளிகளில் அவரும் ஒருவர், சரி. ராஞ்சியில் பள்ளிக்கூட நாளில் கோல்கீப்பர், அதுவும் சரி. அதோடு விட்டார்களா? தோனி கோச் ஆனால் 89ஆம் நிமிஷம் வரை கோலே தேவையில்லையாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாமாம். ஆஃப்சைடுக்கு அவர் கையால் டி போட்டுக் காட்டினால் ரெஃப்ரியே மன்னிப்புக் கேட்பாராம். பயிற்சிக்கு வர வேண்டாம், டக்கவுட்டில் உட்கார்ந்தால் போதும். உட்காரக்கூட வேண்டாம், ஏழாம் நம்பர் சட்டையை நாற்காலியில் மாட்டினால் போதும். கோச்சுக்கு முழங்கால் அவசியமில்லை என்பதால் எழுபது வயசு வரை ரிட்டயர்மென்ட் பேச்சே இல்லை. ஸ்டேடியம் நிறையுமே என்றார் ஒருவர். நிறையும், ஐயா. அத்தனை பேரும் டக்கவுட்டையே பார்ப்பார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் விசில் பறக்கும். கோல் விழுந்த சேதி மறுநாள் தினத்தந்தியில் தெரியும்.

இந்த மூவரும் நேரு ஸ்டேடியம் பக்கம் போய் எத்தனை வருஷம் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நானும் போனதில்லை. ஆட்டம் ஏழரை மணிக்கு. பி ஷிப்ட் என்றால் அப்போது நாங்கள் லைனில், போன் செக்யூரிட்டி லாக்கரில். வார லீவில் போகலாம் என்றால் தாம்பரம் போய் ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டம் முடிந்து தாம்பரம் திரும்பும் நேரத்தில் இந்தப் பக்கம் பஸ் இருக்காது. ஆட்டோக்காரர் சொல்லும் தொகைக்கு ஒரு வெளிநாட்டுக் கோச்சையே அமர்த்தலாம்.

பொறுக்க முடியாமல் என் ஆளின் பெயரைச் சொல்லத் திரும்பினேன். "அண்ணே, சேரப்பணஞ்சேரி!" என்று டிரைவர் பிரேக் போட்டார். இறங்கிவிட்டேன்.

இன்றைக்கும் நைட் ஷிப்ட்தான். பின் சீட்டுத் தம்பிகளே, நாளைக் காலையாவது கிரிக்கெட் பேசுங்கள். அதற்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.