மாமூலா ஒரு புத்திமதி

வாடா பேராண்டி! வி.ஏ.ஓ. உத்தரவு கைக்கு வந்துடுச்சாமே. போஸ்டிங் பக்கத்து ஊர்லயேன்னு திருவதிகை முழுக்கப் பேச்சு. உக்காரு. மேடை போட்டவன்லாம் 'ஊழல், ஊழல்'னு தொண்டை கிழியக் கத்துறானே, அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பரீட்சையில கேட்டானா? கேக்க மாட்டான்.

ஊழ்த்தல்னா முதிர்றது. பூ விரியறதுக்கும் அதான் பேரு. வள்ளுவரு சொல்வன்மை அதிகாரத்துக் கடைசிக் குறள்ல, மணக்காத பூவுக்கு அந்தச் சொல்லத்தான் போட்டிருக்காரு. விரிஞ்சது பழுக்கும், பழுத்தது அழுவும். அந்த அழுவல்தான் ஊழல். ஊழ்னா விதின்னும் அர்த்தம் இருக்கு. மாட்டிக்கிட்டவன் 'எல்லாம் என் விதி'ன்னு தலையில அடிச்சிக்கிறான் பாரு, அவன் நிகண்டு படிச்சவன்.

பண்ருட்டிப் பக்கத்துக்காரனுக்கு இத வெளக்கணுமா? பலா, மேல பாத்தா முள்ளு விரிஞ்சி கும்முனு வாசம் அடிக்கும். பொளந்தா தண்டுகிட்ட கறுத்துக் கெடக்கும். ஒரே நாள்ல அழுவினதில்ல அது. நீயும் அவசரப்படாத. மொத மாசம் டீச்செலவு. அப்பறம் 'கவனிப்பு'. அப்பறம் மாமூல். மாமூல்னா அரபியில வழக்கம்னுதான் அர்த்தம். என்னா மரியாதையான பேரு!

வாங்கறதுன்னா வெவரமா வாங்கு. பலா உரிக்கறப்ப கையில எண்ண தடவிக்கறோம், பால் ஒட்டறதில்ல. லஞ்ச ஒழிப்புக்காரன் நோட்டுல தடவறானே பினாப்தலின் பொடி, அது ஒட்டினதே ஒனக்குத் தெரியாது. சோடியம் கார்பனேட் தண்ணியில கைய முக்கச் சொல்லுவான். தண்ணி ரோஸ் கலரா மாறும். மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். பொண்ணு பாக்கற எடத்துல அதையே காட்டிக்கலாம், ஸ்டூடியோ செலவு மிச்சம். 2018-ல சட்டத்தத் திருத்தினதுலேருந்து குடுக்கறவனுக்கும் 7 வருசம் வரைக்கும் தண்டனை இருக்கு. உள்ள பேச்சுத் துணைக்கு ஆளில்லன்னு கவலப்படாத.

வயித்தெரிச்சல் பட்டு எவனாவது சபிச்சா, வீரட்டானேசுவரர் இருக்காருன்னு நெனச்சிக்காத. அப்பருக்குச் சூலை தீந்தது இங்கதான், ஒத்துக்கறேன். அவரு அக்கா திலகவதி திருநீறு குடுத்தாங்க. ஒங்கக்கா வளையல்ல கேப்பா!

சரி, போறப்ப அந்தப் பழத்தத் தூக்கிட்டுப் போய் ஒங்கம்மாகிட்ட குடு. புதுக் கன்னோட மொத காய்ப்பு. காசெல்லாம் வேணாம்டா, நமக்குள்ள என்னா! நீ போற ஊர்ல நம்ம பட்டா மாத்தம் ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது, அத அப்பறம் பேசிக்கலாம்.