எஸ்டேட் வண்டிக்கு ஓர் உடம்படுமெய்

இவ்வாய்வின் களம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணம். பொருள், என் சித்தப்பாவின் டாடா எஸ்டேட் காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கான கொக்கி. காலம், ஒரு சித்திரை தொடங்கி ஐப்பசி வரை. நிதி: டீசல் சித்தப்பா, டீ நான். டிரெய்லரில் எதை ஏற்றுவது என்ற துணைக்கேள்வி ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது. கேட்டபோதெல்லாம் “முதல்ல கொக்கி கிடைக்கட்டும்டா” என்பதே சித்தப்பாவின் நிலைப்பாடு.

முதலில் பெயராய்வு. அமெரிக்கர் ஸ்டேஷன் வேகன் என்பதை ஆங்கிலேயர் எஸ்டேட் கார் என்பர். ரயிலில் வந்து இறங்கியவரையும் அவர் பெட்டி படுக்கையையும் ஏற்றி வந்ததால் முன்னது. பண்ணைக்காரர் வீட்டுக் கொட்டகையில் நின்றதால் பின்னது. இரு பெயருக்கும் ஒரே ஊரில் பொருள் தேடுபவர் அம்பத்தூருக்குத்தான் வர வேண்டும். இங்கே ஸ்டேஷனும் உண்டு, எஸ்டேட்டும் உண்டு. 1960களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எங்கள் ஊர் பஸ் கண்டக்டருக்கு எஸ்டேட் என்றால் தேயிலை அல்ல, லேத்துப் பட்டறை. “எஸ்டேட்டுக்கு ஒரு கொக்கி வேணும்” என்று சித்தப்பா கேட்டால், “எஸ்டேட்ல எந்த கம்பெனிக்கு சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள். இச்சொல் மயக்கத்திலேயே முதல் வாரம் கழிந்தது.

அடுத்து ‘வின்டேஜ்’ என்னும் அடைமொழி. கார்ச் சேகரிப்பாளர் மரபில் அது 1919 முதல் 1930 வரை பிறந்த வண்டிகளைக் குறிக்கும். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதி கொஞ்சம் தாராளமானது. 50 வயது கடந்தால் போதும். 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் உண்டு. ஆனால் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கே ரோட்டில் இறக்கலாம். டாடா எஸ்டேட் பிறந்ததோ 1992இல். எந்தக் கணக்கிலும் சேராது என்று சான்றுகளோடு எடுத்துரைத்தேன். “ஸ்பேர் கிடைக்காத வண்டி எல்லாம் வின்டேஜ்தான்” என்றார் சித்தப்பா. மற்ற இரண்டு வரையறைகளையும்விட இது பயனுள்ளது என்பதை ஆய்வாளன் ஒப்புக்கொள்கிறான்.

அந்த வண்டியைப் பார்த்திராத இளையோருக்கு: நீண்ட முதுகு, 1,948 சிசி டீசல் இன்ஜின், பொத்தானைத் தொட்டால் இறங்கும் கண்ணாடி. சொந்தக்காரர் கல்யாணங்களில் அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டியே சித்தப்பா பல வருடம் ஓட்டினார். கொக்கிக்கு வேண்டிய சிறப்போ வண்டிக்கு அடியில் இருக்கிறது. டாடாவின் பிக்கப் வண்டிக்குப் போட்ட ஏணிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பு அது. இரண்டு இரும்புச் சட்டங்கள் பின்கோடி வரை ஓடுவதால் கொக்கி பிடித்துக்கொள்ள எலும்பு உண்டு.

களப்பணி பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தொடங்கியது. முதல் கடைக்காரர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், “டிராக்டர் பின்னு இருக்கு சார், குடுக்கட்டுமா?” என்றார். சித்தப்பாவின் முகம் மாறியது. “இது டிராக்டராய்யா? எஸ்டேட்!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென இறங்கிவிட்டார். வாசகர் இந்தக் கடையை நினைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு முக்கோணத்தைத் தாண்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, திரும்பி வந்து ஆவடிப் பக்கத்துக் காயலான் கடைகள். ஜீப் கொக்கி கிடைத்தது. லாரி கொக்கி கிடைத்தது. ஒரு கடையில் தராசு மாட்டும் கொக்கியை எடுத்துக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் கோட்பாட்டுச் சட்டகம் தேவைப்படுகிறது. நன்னூலார் சொல்லும் புணர்ச்சியைவிடப் பொருத்தமானது வேறில்லை. கார் நிலைமொழி, டிரெய்லர் வருமொழி. கார் தன் இயல்பில் நிற்க, பின்னால் வருவது தன் இயல்பில் ஒட்டினால் அது இயல்பு புணர்ச்சி. நம் ஊரில் நடப்பதெல்லாம் விகாரப் புணர்ச்சியே. வெல்டிங் வைப்பது தோன்றல், பம்பரை வளைப்பது திரிதல், அறுத்தே எடுப்பது கெடுதல். இனி, உயிரும் உயிரும் நேருக்கு நேர் ஒட்டாத இடத்தில் நடுவே புகும் யகர வகரங்களுக்கு உடம்படுமெய் என்று பெயர். மணியும் அழகும் சேர ஒரு யகரம் வேண்டியிருப்பதுபோல எஸ்டேட்டும் டிரெய்லரும் சேர ஓர் இரும்பு மெய் வேண்டும். ‘டிரெய்லர் ஹிட்ச்’ என்பதற்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கடையில் போய்க் கேட்க முடியாதாம்.

அந்த மெய்யின் உருவம் ஓர் இரும்புக் குண்டு. ஐரோப்பாவில் அதன் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் பரவலானது 2 அங்குலம், அதாவது 50.8. இந்த 0.8 அற்பமன்று. ஐரோப்பியக் குண்டை அமெரிக்கக் கிண்ணத்தில் மாட்டினால் ஆடும், குழியில் துள்ளிக் கழன்றாலும் கழலும். மாற்றி மாட்டினால் சரியாக உட்காராது. அடுத்தது பாரம். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் பின்வண்டி வாலாட்டும் என்கின்றன அமெரிக்கக் கையேடுகள். மாட்டுவண்டிக்காரர் இதையே முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். “கொஞ்சம் முன்னாடி நகந்து குந்துங்க” என்று அவர் சொன்னது முழுக்க முழுக்கப் பொறியியல்.

ஆவடி தனி அத்தியாயம் கேட்கிறது. 1961இல் அமைத்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இழுப்பது பற்றி ஆவடிக்குக் கருத்துகள் இருப்பது இயல்பே. அங்கே பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், “டாங்கியையே கட்டி இழுத்திருக்கோம் தம்பி” என்று தொடங்கி, காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதன்படி செய்தால் கொக்கி அசையாமல் நிற்கும். எஸ்டேட் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும்.

கடைசியில் கொக்கி கிடைக்கவில்லை, பிறந்தது. எஸ்டேட்டில் ஒரு லேத்துக்காரர் 50 மில்லிமீட்டர் குண்டைக் கடைந்தார். சேனலை வெட்டிச் சட்டத்தோடு 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுகளால் இறுக்கினார். முதல் எட்டை நூறால் பெருக்கினால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். அடுத்த எட்டு, அதில் எண்பது சதவீதம் வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்னும் உறுதிமொழி. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிய சுந்தரம் பாசனர்ஸ் பக்கத்துப் பாடியில் வளர்ந்ததாலோ என்னவோ, இந்தப் பகுதியில் போல்ட்டைப் பற்றி யாரும் அசட்டையாகப் பேசுவதில்லை. வேலைக்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: “பின்வண்டி வாயைப் பாக்கணுமே சார்?” சித்தப்பா ஐரோப்பிய அளவுப்படம் அச்சிட்ட தாளை நீட்டினார்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றாதே என்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். இழுக்கப்படுவது மட்டுமல்ல, இழுக்கப்படுவதற்கென்று கருதப்பட்டதும் டிரெய்லரே என்பது அச்சட்டத்தின் வரையறை. கருத்தளவில் சித்தப்பாவிடம் சித்திரையிலிருந்தே ஒன்று இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்துப் பட்டாபிராமுக்குப் போனோம். சித்தப்பாவின் நண்பர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் டிரெய்லர் கிடந்தது. சருகைத் தள்ளி அதன் மூக்கைத் தூக்கினேன். குண்டைக் கவ்வும் கிண்ணம் இல்லை. வெறும் இரும்பு வளையம். குறுக்கே ஒரு பின்னைச் சொருகினால் முடிந்தது. வருமொழி உயிரில் தொடங்குகிறதா என்று பார்க்காமல் உடம்படுமெய் செய்துவிட்டிருந்தோம்.

சித்தப்பா வளையத்தையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தப் பூந்தமல்லிக் கடைக்கு நீ போயிட்டு வா. நான் வந்தேன்னு சொல்லாதே.”

போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போய் டிராக்டர் பின்னை எடுத்து வந்தார். “எஸ்டேட்காரர் வரலியா?” என்றார்.